கட்டத்தில் அடங்காத வரி

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நீ வேலைக்குப் போனதிலிருந்து உன் கட்டிலில் என் புத்தகங்கள்தான் படுத்துக்கொள்கின்றன. நேற்று வார்டன் அம்மா வந்து பார்த்தார். "கட்டில் மனுஷங்களுக்குடி, புஸ்தகத்துக்கு இல்ல" என்று எல்லாவற்றையும் தரையில் இறக்கிவைத்தார். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். இது இரண்டு பேருக்கான அறை. யாரோடு இருக்கப் போகிறேன் என்று ஜூலை முடிவதற்குள் ஒரு பெயர் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணும் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையை வேறு இருவருக்குக் கொடுத்துவிட்டு என்னைச் சின்னவர்கள் கூடத்துக்கு அனுப்பிவிடுவாராம். அங்கே வரிசையாகக் கட்டில்கள். சாப்பிட்டு வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் எப்படிப் படிப்பேன்?

"யாராவது இருப்பாங்கல்ல, உனக்குப் பிடிச்சவ?" என்று கேட்டார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை, அக்கா. இத்தனை வருஷம் நீ இருந்தாய், வேறு யாரும் தேவைப்படவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. நூலக டீச்சர் (கொண்டையில் பென்சில் செருகியிருப்பாரே, அவர்) கம்ப்யூட்டர் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டுச் சீட்டு தயார் செய்ய வேண்டும். ஒரு ஷீட்டில் புத்தக எண்ணும் தலைப்பும் இருக்கின்றன. இன்னொன்றில் உறுப்பினர் எண், பெயர், அறை. மூன்றாவதில் யார் எதை எடுத்தார்கள் என்பது, ஆனால் அதில் வெறும் எண்கள்தான். டீச்சர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நான் முதலில் இருக்கிற ஃபார்முலாக்களை வைத்து முயன்றேன். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போட்டதில், எதை எங்கே திறந்தேன், எங்கே மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு உதவிப் பக்கத்தில் படித்தேன், நமக்கு வேண்டிய ஃபங்ஷனை, அதாவது சொந்தமாக ஒரு ஃபார்முலாவை, நாமே எழுதிக்கொள்ளலாமாம்! பெயரும் நாமே வைக்கலாம். ஆங்கில எழுத்தில்தான் தட்டியிருக்கிறேன், ஆனால் மனதுக்குள் 'சேர்த்துக்கொடு' என்று படித்துக்கொள்கிறேன். புத்தக எண்ணைக் கொடுத்தால் போதும். மற்ற ஷீட்டுகளுக்குப் போய்த் தேடி, தலைப்பையும் பெயரையும் அறையையும் ஒரே வரியாகக் கோத்துக் கொண்டுவந்து வைக்கிறது. கேட்ட கட்டத்தில் மட்டும் பதில் சொல்லும், வேறு எதையும் தொடாது. எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை பார்!

விடுதியில் போன் நேரம் மாலையில்தான், அப்போது உனக்கு வேலை. அம்மாவும் அப்பாவும் புதுப் பாலம் கட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அங்கே சிக்னலே இல்லையாம். அதனால் நீ எழுது. நீளமாக எழுது.

உன்
பொடிசு


ஜூன் 20

பொடிசு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம்.

அறை சின்னது. கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கதவு. அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஊருக்குப் போக இல்லை, சும்மாதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து, "இந்த வண்டி எங்க போகுது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன்.

இப்போது ஒரு உதவி. சிரிக்கக் கூடாது. நாங்கள் துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி என்று தெரியும் அல்லவா? மெஷின் ஓடவில்லை என்று போன் செய்கிறவர்களின் பட்டியல் ஒரு ஷீட்டில், அவர்கள் முகவரி ஒன்றில், எங்கள் ஆட்கள் எழுதிவைத்த குறிப்புகள் இன்னொன்றில். இவற்றைச் சேர்த்து ஆளுக்கு ஒரு வரி தயார் செய்வதுதான் என் வேலை. நான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் ஏதோ தட்டுகிறார், கண் மூடித் திறப்பதற்குள் அவருக்கு வந்துவிடுகிறது. அது என்னவென்று கேட்கலாம். கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

உன் 'சேர்த்துக்கொடு'வை வரி விடாமல் தாளில் எழுதி அனுப்பு. சரி, கொஞ்சம் சிரித்துவிட்டே எழுது.

அறைக்கு ஒரு பெயர் சொல்லிவிடு. சின்னவர்கள் கூடத்தில் நீ படும் பாட்டை என்னால் கேட்க முடியாது.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

நான் சிரிக்கவே இல்லை. ஓடிப்போய் வராந்தாவில் நின்றேன், அவ்வளவு பெருமை. நீ என்னிடம் கேட்டிருக்கிறாய்!

தனித் தாளில் எழுதியிருக்கிறேன். காற்புள்ளிகளைச் சிவப்பு மையால் போட்டிருக்கிறேன். ஒன்று விட்டுப்போனாலும் அது கோபித்துக்கொள்ளும்.

உனக்கு அனுப்பியிருப்பது பழையது அல்ல, திருத்தியது. ஏன் திருத்தினேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பெயர் யோசித்து யோசித்து அலுத்துப்போன ஒருநாள், நான் படித்த புத்தகங்களையெல்லாம் வேறு யார் படித்திருக்கிறார்கள் என்று தேடினால் என்ன என்று தோன்றியது. ஒரே புத்தகங்களைப் படிக்கிறவர்கள் ஒரே அறையில் இருக்கலாம் இல்லையா? ஒவ்வொரு புத்தக எண்ணாகக் கொடுத்தேன். முதல் புத்தகத்துக்கு என் பெயர் வந்தது. இரண்டாவதற்கும் என் பெயர். கீழே இழுத்துக்கொண்டே போனேன். நான், நான், நான். திரை முழுக்க நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உடையவில்லை. பொருந்துகிற முதல் ஆளைக் கண்டதும் அது தேடுவதை நிறுத்திவிடுகிறது. புதுப் புத்தகக் கட்டுகளைப் பிரித்து லேபிள் ஒட்டுவது நான். அதனால் எல்லாவற்றையும் முதலில் எடுப்பதும் நான்தான். எனக்குப் பிறகு வந்தவர்கள் யாரையும் அது பார்க்கவே இல்லை.

இப்போது கடைசி வரிசை வரைக்கும் போகும்படி எழுதிவிட்டேன். புத்தக எண் கொடுத்தாலும் உறுப்பினர் எண் கொடுத்தாலும், பொருந்துகிற எல்லாரையும், எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டுச் சேர்த்துக்கொண்டே வரும். ஒன்றையும் விடாது. இதற்கு மூன்று நாள் சாயங்காலம் விளையாடப் போகவில்லை. நான் வராததை யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

உன்
பொடிசு


ஜூலை 5

பொடிசு,

வேலை செய்கிறது! ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு அரை நாள் முழித்தேன், சிவப்பு மை வீண். அப்புறம் ஓடியது. பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"என் தங்கச்சி."

"எங்க வேலை பாக்கறாங்க?"

"பள்ளிக்கூடம் போறா."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். இங்கே நான் ஒருவரிடம் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை.

இனி அக்காவாகப் பேசுகிறேன். டீச்சர் உன்னிடம் கேட்டது நினைவூட்டுச் சீட்டு. யார் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னாரா? அது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரையாவது பிடித்திருந்தால் நேரே போய்ப் பக்கத்தில் உட்கார். அவ்வளவுதான். அதற்கு ஃபார்முலா வேண்டியதில்லை.

அக்கா


ஜூலை 10

அக்கா,

'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறாய். நீ யார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய்? ஸ்டேஷன் பெஞ்சிலா? இந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

உனக்குப் பேசத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தால் புத்தகத்தில் இருப்பதுதான் வருகிறது. எல்லாரும் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் கொட்டாவி விடாத ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொண்டு போனால் என்ன தப்பு?

கண்டுபிடித்துவிட்டேன். ஒரே ஓர் உறுப்பினர் எண் மறுபடி மறுபடி வந்தது. யார் தெரியுமா? அடுத்த பிரிவில் இருக்கும் ஏணி. நீ பார்த்திருப்பாய், உயரமாக, படிக்கட்டில் எப்போதும் சுவரோரமாக இறங்குவாளே. என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். எல்லோரும் அவளுக்குத் தலைக்கனம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வால்நட்சத்திரப் புத்தகம், கலங்கரை விளக்கில் தனியாக இருந்தவரின் கதை, பறவைக் கூடுகள், எறும்புகள், பனிப்பிரதேசத்துக்கு நடந்துபோனவர்கள், எல்லாவற்றையும் எனக்குப் பின்னாலேயே எடுத்திருக்கிறாள். எறும்புப் புத்தகத்தை இரண்டு தடவை! அதை இரண்டாம் தடவை எடுக்கிறவள் தலைக்கனக்காரியாக இருக்க முடியாது.

அவள் எண்ணைக் கொடுத்து 'சேர்த்துக்கொடு'வை ஓட்டினேன். கட்டத்தில் தலைப்புகள் வரிசையாக வந்து நின்றன, தெரிந்ததெல்லாம் நானும் படித்தவைதான். நினைவூட்டுச் சீட்டு அச்சாகும் ஒல்லித் தாளில் அதை எடுத்துவிட்டேன். மேலே என் கையெழுத்தில், 'நீயும் நானும் படித்தவை. என் அறையில் ஒரு கட்டில் காலி' என்று எழுதியிருக்கிறேன். பேசினால் சொதப்புவேன். நாளை படிப்பு நேரத்தில் அவள் மேஜையில் வைத்துவிடுவேன்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

பொடிசு


ஜூலை 10

பொடிசு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று எனக்கு நல்ல திட்டு விழுந்தது. நீ பயப்படாதே, வேலை போகவில்லை.

உன் ஃபங்ஷன் ஒரு குற்றமும் செய்யவில்லை. சொன்னபடி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. ஆனால் வரி நீளமாகிவிட்டால் கட்டத்தில் முன்பாதிதான் தெரிகிறது. மிச்சம் பக்கத்துக் கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நான் தெரிந்ததை மட்டும் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவருக்குப் போனதில் பெயர், முகவரி, மெஷின் பழுது எல்லாம் ஒழுங்காக இருந்து, கடைசியில் எங்கள் ஆள் எழுதிவைத்த குறிப்பும் இருந்திருக்கிறது: 'எப்போதும் கத்துவார், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவும்.'

அவர் கத்தினார். மேலதிகாரி கத்தினார். பக்கத்து மேஜைக்காரர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் கழிப்பறையில் நின்று கொஞ்சம் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

சீட்டு எதுவாக இருந்தாலும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுக் கொடு. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. ஐந்து நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? தபால்காரர் மேல் கோபப்பட்டேன், உன் மேல் கோபப்பட்டேன். இப்போது கோபப்பட வேறு யாரும் மிச்சமில்லை, நான்தான்.

அந்தச் சீட்டை நான் அச்சான பிறகு படிக்கவில்லை. திரையில் படித்ததை மறுபடி எதற்குப் படிக்க வேண்டும் என்று மடித்துவிட்டேன். ஒல்லித் தாளில் வரி மடங்கி மடங்கி முழுவதும் அச்சாகியிருந்தது. திரையில் தெரியாத பாதியும்.

ஏணி மேஜையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அவள் பக்கத்தில் உட்காருகிறவளை எல்லாரும் ரேடியோ என்பார்கள், ஏன் என்று நான் சொல்ல வேண்டாம். ஏணி பிரிப்பதற்குள் ரேடியோ பிடுங்கிவிட்டாள். "இங்க பாருங்கடி, ஏணிக்கு லெட்டர் வந்திருக்கு!" என்று செய்தி வாசிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள். வால்நட்சத்திரம் வந்தது. கூடுகள் வந்தன. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் நல்லவிதமாகத்தான். ஏணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா, அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

கடைசியில் இருந்ததை ரேடியோ அதே குரலில் படித்தாள். 'திக்காமல் பேசப் பழகுவோம், பயிற்சிகளுடன்.'

 பிறகு ரேடியோ, "ஓ! அதான் மேடம் வாயத் தொறக்கறதே இல்லையா?" என்றாள். ஏணி எழுந்து கையை நீட்டினாள். 'குடு' என்று கேட்கப் பார்த்தாள். கு, கு, கு என்று மூன்று தடவை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள்.

அவள் தலைக்கனக்காரி இல்லை. இத்தனை வருஷமும் திக்குவதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அதை ஒரு சாயங்காலத்தில் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

டீச்சரிடம் போய் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு புஸ்தகத்தை எடுத்துட்டுப் போறவங்க என்னை நம்பித்தாம்மா எடுத்துட்டுப் போறாங்க" என்றார். கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். இனி நான் லேபிள் மட்டும் ஒட்டலாம்.

நீ அப்போதே சொன்னாய். நான் உன்னை ஸ்டேஷன் பெஞ்சைச் சொல்லிக் குத்தினேன்.

மன்னிப்புக் கேட்டு ஏணிக்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா?

பொடிசு


ஜூலை 21

என் பொடிசு,

கொடுக்காதே. கிழித்துப் போடு. அவளுக்கு இன்னொரு தாள் வேண்டாம்.

நேரில் போ. நீ நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாய், எனக்குத் தெரியும். அதைச் செய்யாதே. செய்ததைச் சொல், தப்பு என்று சொல், நிறுத்து. அவள் பதில் சொல்லாமல் போனால் போகட்டும். அறையைப் பற்றி அன்றைக்குப் பேசாதே.

கத்துகிறவருக்கு நானே போன் செய்தேன்.  கத்தினார். குறிப்பில் இருந்தது பொய்யில்லை. ஆனால் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவில்லை. முழுக்கக் கேட்டேன். மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறாராம், தினமும் போர்வை துவைக்க வேண்டுமாம், மெஷின் நின்று எத்தனையோ நாளாகிவிட்டதாம். இது எங்கள் எந்த ஷீட்டிலும் இல்லை. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. மறுநாளே ஆள் அனுப்பினோம்.

பெஞ்சைப் பற்றி நீ எழுதியது வலித்தது. உண்மை என்பதால் வலித்தது. ஆனாலும் நீ எழுது. இதை எழுத எனக்கும் வேறு ஆள் இல்லை.

அக்கா


ஜூலை 31
சின்னவர்கள் கூடம்

அன்புள்ள அக்கா,

மேலே எழுதியிருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இன்று சாயங்காலமே மாற்றிவிட்டார்கள். என் கட்டில் கதவோரத்தில் இருக்கிறது. பக்கத்துக் கட்டில் குட்டிக்குப் பல் விழுந்துவிட்டதாம், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு யாரையும் நெருங்க விடமாட்டேன் என்கிறாள். வராந்தா வெளிச்சம் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வருகிறது. அதில்தான் எழுதுகிறேன், வரி கோணினால் மன்னித்துக்கொள். உன் கட்டிலை விட்டு வரும்போது அதன் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று நான்கு பக்கத்தையும் கிழித்தேன். ஏணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் நின்று, "நீ என்ன படிக்கறேன்னு நான் உன்னைக் கேக்காம பார்த்தேன். அது தப்பு. சீட்டை முழுசாப் படிக்காம குடுத்தேன், அதுவும் தப்பு" என்றேன். நிறுத்தினேன். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். அதற்குப் பின்னால் அவள் முகம் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று கடைசி நாள் என்று வார்டன் அம்மா காலையிலேயே வந்து, "பேர் சொல்லுடி" என்றார். ஏணி பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அவளைக் கேட்காமல் அவள் பெயரைச் சொன்னால் மறுபடியும் அதே வேலைதானே? "சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க அம்மா" என்று கெஞ்சினேன்.

மத்தியானம் கைகழுவும் இடத்தில் அவள் தனியாக நின்றாள். "என் அறைக்கு வரியா? பிடிக்கலன்னா வேண்டாம்" என்றேன். அவள் குழாயை மூடினாள். என்னை நேராகப் பார்த்தாள். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"வே... வே... வேண்டாம்" என்றாள். "எனக்கு இ... இன்னும் கோ... கோபம்."

நான் தலையாட்டினேன். அழக் கூடாது என்று தரையில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். இனி அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் போகவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "நா... நாளைக்கு... சா... சாப்பிட வரப்போ..." அங்கே நின்றுவிட்டது. மணி அடித்தது. பெண்கள் தட்டுகளோடு எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். ரேடியோ கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். "எ... எனக்கும் ஒரு... இ... இ..."

அந்தச் சொல் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. என் வாயில் வந்து நின்றது. நான் சொல்லவில்லை. வராந்தா காலியாகும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவளே சொன்னாள்.

"இடம் போடு."

உன்
பொடிசு